அபிலீன், கன்சாஸ்: ரயில் பாதையில் முளைத்த கோதுமையூர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள அபிலீன் என்னும் சிற்றூரின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது குதிரை, துப்பாக்கி, மதுக்கடை, மாட்டு மந்தை ஆகியவைதான். அந்தக் காலம் மொத்தமே ஐந்து ஆண்டுகள். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டாக அந்த ஊரைத் தாங்கி வருவது கோதுமையும் அதை ஏற்றிச் சென்ற ரயிலும். ஊரின் வரலாறு பற்றிப் பொதுவாக எழும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

அபிலீன் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

கன்சாஸ் சிட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில், டிக்கின்சன் மாவட்டத்தின் தலைநகராக இருக்கிறது. தெற்கே ஸ்மோக்கி ஹில் ஆறு ஓடுகிறது. ஊரை ஒட்டி மட் கிரீக் என்ற ஓடை செல்கிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 6,460. நம் ஊர்க் கணக்கில் இது ஒரு பெரிய கிராமம்தான்.

பெயர் எப்படி வந்தது? டெக்சாஸிலும் ஓர் அபிலீன் உண்டே?

தமிழ் விவிலியத்தை வாசிப்பவர்களுக்கு இந்தப் பெயர் முன்பே அறிமுகமாகியிருக்கும். லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத் தொடக்கத்தில் லிசானியா ஆண்ட காற்பங்கு தேசமாக 'அபிலேனே' குறிப்பிடப்படுகிறது. 1857இல் மட் கிரீக் கரையில் முதலில் குடியேறிய திமோத்தி ஹெர்சியின் மனைவி எலைசா அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார் என்பது ஊர் வரலாறு. புல்வெளி என்ற பொருளும் அதற்குச் சொல்லப்படுவதால் பெயர் இடத்துக்குப் பொருந்திவிட்டது.

டெக்சாஸில் உள்ள அபிலீன் 1881இல் உருவானது. அதுவும் ரயில் பாதையோடு பிறந்த ஊர்தான். கன்சாஸ் ஊரைப் போலவே தங்கள் ஊரும் மாடு ஏற்றும் இடமாகச் செழிக்க வேண்டும் என்று விரும்பிய அங்குள்ள மாட்டுப் பண்ணைக்காரர்கள் அதே பெயரை வைத்தார்கள். இன்று அந்த ஊர் மூத்த ஊரைவிடப் பல மடங்கு பெரியது.

ரயில் வருவதற்கு முன் அது யாருமற்ற நிலமாக இருந்ததா?

இல்லை. குடியேறியவர்களின் நினைவுக் குறிப்புகளை மட்டும் படித்தால் அப்படித் தோன்றும். இப்பகுதி கா என்றும் கன்சா என்றும் அழைக்கப்படும் பழங்குடி மக்களின் வேட்டை நிலம். மாநிலத்தின் பெயரே அவர்களுடையது. 1825, 1846 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் அவர்களைப் படிப்படியாகச் சிறிய பகுதிக்குள் ஒடுக்கின. 1873இல் அவர்கள் கன்சாஸிலிருந்தே வெளியேற்றப்பட்டு இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களும் பிற சமவெளி மக்களும் உணவுக்கு நம்பியிருந்த காட்டெருமைகள், ரயில் பாதை நீண்ட அதே ஆண்டுகளில் பெருமளவில் கொல்லப்பட்டன. பாதை போட்ட தொழிலாளர்களுக்கு இறைச்சி கொடுப்பதற்காகவே 1867இல் ரயில் நிறுவனத்தின் சார்பில் வேட்டைக்கு அமர்த்தப்பட்டவர்தான் பின்னாளில் 'பஃபலோ பில்' என்று புகழ்பெற்ற வில்லியம் கோடி.

1867 வரை அபிலீன் என்பது குதிரை வண்டிகள் நின்று செல்லும் ஒரு தங்கல். ஒரு டஜன் அளவுக்கு மரக்கட்டை வீடுகள். பெரும்பாலானவற்றுக்கு மண் கூரை. 1861இலேயே மாவட்டத் தலைநகர் என்ற தகுதி கிடைத்திருந்தும் அந்தத் தகுதியால் ஊர் வளர்ந்துவிடவில்லை.

ரயில் நிறுவனத்துக்கு அந்த நிலத்தில் என்ன உரிமை?

இதைப் புரிந்துகொள்ளாமல் சமவெளி ஊர்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது. அமெரிக்க அரசு நிலத்தை ஒரு மைலுக்கு ஒரு மைல் என்ற சதுரங்களாக அளந்து எண்ணிட்டிருந்தது. ஒவ்வொரு சதுரமும் 640 ஏக்கர். பாதை போடப் பணமில்லாத நிறுவனங்களுக்கு உதவியாக 1862, 1864ஆம் ஆண்டுகளின் பசிபிக் ரயில் சட்டங்கள், பாதையின் இருபுறமும் 20 மைல் வரை ஒற்றைப்படை எண் கொண்ட சதுரங்களை நிறுவனத்துக்கே கொடுத்தன. இரட்டைப்படைச் சதுரங்கள் அரசிடம் இருந்தன. அவற்றில் 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி உழவர்கள் குடியேறலாம். மற்ற இடங்களில் 160 ஏக்கர் கிடைக்கும் என்றால், ரயில் நிலத்துக்கு அருகில் நெடுங்காலம் 80 ஏக்கர்தான் கிடைத்தது.

ஆக, ஊரைச் சுற்றி சதுரங்கப் பலகை போலப் பாதி நிலம் நிறுவனத்துக்குச் சொந்தம். அதை விற்றால்தான் நிறுவனத்துக்குப் பணம். விற்ற நிலத்தில் விளைச்சல் வந்தால்தான் ஏற்றிச்செல்லச் சரக்கு. நிலத் தரகனும் போக்குவரத்துக்காரனும் ஒரே ஆளாக இருந்த விசித்திரமான ஏற்பாடு அது. பின்னாளில் சரக்குக் கட்டணம் குறித்து உழவர்களிடம் எழுந்த கசப்புக்கு விதை இங்கேதான் இருக்கிறது.

மாட்டுச் சந்தை எப்படி உருவானது?

அமெரிக்காவின் வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது டெக்சாஸில் நீண்ட கொம்புடைய லாங்ஹார்ன் மாடுகள் இலட்சக்கணக்கில் பெருகியிருந்தன. வாங்க ஆளில்லாததால் அங்கே ஒரு மாட்டின் விலை மூன்று, நான்கு டாலர். வடக்கு நகரங்களில் அதே மாட்டுக்கு அதைப்போல் பத்து மடங்கு கிடைக்கும். இடையே ரயில் இல்லை. மிசூரி வழியாக ஓட்டிச்செல்ல முயன்றவர்களை அங்குள்ள உழவர்கள் ஆயுதங்களோடு மறித்தார்கள், ஏனெனில் டெக்சாஸ் மாடு கடந்து சென்ற இடமெல்லாம் உள்ளூர் மாடுகள் காய்ச்சல் கண்டு செத்தன. உண்ணி கடிப்பதால் அந்த நோய் பரவுகிறது என்பது 1893இல்தான் அறிவியலால் நிறுவப்பட்டது. டெக்சாஸ் மாடுகள் நோயைச் சுமந்துகொண்டு தாம் மட்டும் நலமாக நின்றதால், தொடக்கத்தில் அவற்றின் உரிமையாளர்கள் குற்றச்சாட்டை நம்பவே மறுத்தார்கள்.

இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் மெக்காய் என்ற இளம் மாட்டு வணிகர் இந்தச் சிக்கலுக்கு வழி கண்டார். பிற்பாடு கன்சாஸ் பசிபிக் என்று பெயர் மாற்றப்பட்ட ரயில் பாதை, 1867இல் அபிலீனைத் தொட்டிருந்தது. சுற்றிலும் புல், ஆற்றில் தண்ணீர், தடுத்து நிறுத்த அதிகம் உழவர்கள் இல்லை. அவர் அங்கே நிலம் வாங்கி, மாட்டுப்பட்டிகளையும் எடை மேடையையும் அமைத்து, மாடு ஓட்டி வருபவர்களுக்காக டிரோவர்ஸ் காட்டேஜ் என்ற விடுதியையும் கட்டினார். நோய்க் கட்டுப்பாட்டுக்காக மாநிலம் வரைந்த எல்லைக்கோட்டின்படி அபிலீனுக்கு டெக்சாஸ் மாடுகள் வந்திருக்கவே கூடாது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அதிகாரத்தில் இருந்தவர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

1867 செப்டம்பர் 5 அன்று 20 வேகன்களில் முதல் மாடுகள் கிழக்கே புறப்பட்டன. அந்த ஆண்டு ஏறத்தாழ 35,000 மாடுகள் வந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை இலட்சங்களைத் தொட்டது. டெக்சாஸிலிருந்து அவை நடந்து வந்த தடத்துக்கு, அதன் ஒரு பகுதியில் முன்பே வண்டி ஓட்டி வணிகம் செய்த செரோக்கி வழிவந்த ஜெஸ்ஸி சிஷோமின் பெயர் நிலைத்தது. ஒவ்வொரு வேகனுக்கும் மெக்காய்க்குத் தரகு தருவதாக ஒப்புக்கொண்ட ரயில் நிறுவனம், வணிகம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதானவுடன் கொடுக்க மறுத்தது. அவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

துப்பாக்கிச் சண்டைக் கதைகள் உண்மையா?

ஓரளவு. மூன்று மாதம் புழுதியில் மாடு ஓட்டி வந்த இளைஞர்கள் கையில் மொத்தமாகக் கூலி வாங்கும் ஊர் எப்படியிருக்குமோ அப்படித்தான் கோடைக்கால அபிலீன் இருந்தது. குளிர்காலத்தில் மீண்டும் அமைதி.

1870இல் காவல் பொறுப்பேற்ற டாம் ஸ்மித், ஊருக்குள் துப்பாக்கி வைத்திருக்கத் தடை போட்டு, மீறியவர்களைப் பெரும்பாலும் வெறுங்கையால் அடக்கியவர். அவரைக் கொன்றவர்கள் மாடு மேய்ப்பர்கள் அல்லர். அண்டை வீட்டுக்காரரின் மாடுகள் தன் நிலத்தில் புகுந்த தகராறில் கொலை செய்த ஓர் உழவரைக் கைது செய்யப் போனபோது, 1870 நவம்பர் 2 அன்று அந்த உழவராலும் அவருடைய கூட்டாளியாலும் ஸ்மித் கொல்லப்பட்டார். திரைப்படங்களில் அடிக்கடி வரும் வைல்ட் பில் ஹிக்காக் அதற்குப் பிறகு, 1871 ஏப்ரலில் மாதம் 150 டாலர் சம்பளத்தில் அமர்த்தப்பட்டார். அக்டோபரில் ஃபில் கோ என்ற சூதாட்டக்காரரைச் சுட்டபோது, உதவிக்கு ஓடி வந்த தன் ஆளான மைக் வில்லியம்ஸையும் இருட்டில் தவறுதலாகச் சுட்டுவிட்டார். டிசம்பரில் ஊராட்சி அவரைப் பணியிலிருந்து நீக்கியது. எட்டு மாத வேலை. அதற்குக் கிடைத்த புகழ் நூற்றைம்பது ஆண்டுகளாகத் தீரவில்லை.

ஸ்மித்தின் மரணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆனால் ஊரின் உண்மையான சண்டை எது என்பதை அதுவே காட்டுகிறது: பயிருக்கும் மாட்டுக்கும் இடையே இருந்த சண்டை.

இலாபம் தந்த மாட்டு வணிகத்தை ஊர் மக்களே ஏன் விரட்டினார்கள்?

இலாபம் யாருக்குப் போனது என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். மதுக்கடைக்காரர், விடுதிக்காரர், தரகர், ரயில் நிறுவனம் ஆகியோருக்கு மாடு வாழ்வளித்தது. ஊரைச் சுற்றி நிலம் எடுத்தவருக்கோ பயிர் மிதிபட்டது; வீட்டுப் பசு காய்ச்சலில் செத்தது. அப்போது முள்கம்பி வேலி பரவவில்லை. மலிவாகச் செய்யத்தக்க முள்கம்பிக்கான காப்புரிமையே 1874இல்தான் கிடைத்தது. மரமில்லாத சமவெளியில் மரவேலி போட்டால் நிலத்தின் விலையைவிட வேலியின் விலை அதிகம்.

எனவே, யார் வேலி போட வேண்டும் என்பதே கேள்வி ஆயிற்று. பயிர் செய்பவன் தன் வயலைக் காக்க வேண்டுமா, மாடு வைத்திருப்பவன் தன் மாட்டைக் கட்டுக்குள் வைக்க வேண்டுமா? மாட்டுக்காரர்மீதே பொறுப்பைச் சுமத்திய மந்தைச் சட்டம் உழவர்கள் பக்கம் நின்றது. நிலத் தரகரும் ஊர் நிர்வாகத்தில் தொடக்கத்திலிருந்தே இருந்தவருமான தியோடர் ஹென்றி இந்த இயக்கத்தின் மூளை. 1872 பிப்ரவரியில் மாவட்டக் குடிமக்கள் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை டெக்சாஸ் வணிகர்களுக்குச் சென்றது. இனி வேறு ஊரைப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தத் தொழிலின் தீமைகளை எங்களால் இனியும் பொறுக்க முடியாது என்பது அதன் சாரம்.

டெக்சாஸ்காரர்கள் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். மாடுகள் எல்ஸ்வொர்த்துக்கும் விச்சிட்டாவுக்கும் பின்னர் டாட்ஜ் சிட்டிக்கும் சென்றன. டிரோவர்ஸ் காட்டேஜ் விடுதியின் பெரும்பகுதியையே பெயர்த்தெடுத்து ரயிலில் எல்ஸ்வொர்த்துக்குக் கொண்டுபோனார்கள். அபிலீனில் கடைகள் மூடப்பட்டன. தவறு செய்துவிட்டோமோ என்று வணிகர்கள் புலம்பியதில் வியப்பில்லை. என்றாலும், ரயில் பாதை மேற்கிலும் தெற்கிலும் நீண்டுகொண்டே இருந்த நிலையில், மாட்டுச் சந்தை இன்னும் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நகர்ந்திருக்கும் என்பது நம் கணிப்பு.

கோதுமை அங்கே எப்படி வேரூன்றியது?

தொடக்கக் குடியேறிகள் கிழக்கில் பழகிய மக்காச்சோளத்தையும் வசந்தகாலக் கோதுமையையும் விதைத்துக் கைசுட்டுக்கொண்டார்கள். கன்சாஸில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் அனல் காற்று, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வந்து பயிரைக் கருக்கிவிடும். தியோடர் ஹென்றி ஸ்மோக்கி ஹில் ஆற்றோரத்தில் குளிர்காலக் கோதுமையைச் சோதித்தார். அதைச் செப்டம்பர், அக்டோபரில் விதைத்தால் முளைத்துப் பனியின்கீழ் உறங்கும்; வசந்தத்தில் எழுந்து, அனல் காற்றுக்கு முன்பே ஜூன் இறுதியில் அறுவடைக்கு வந்துவிடும். மழை குறைந்த நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆண்டுச் சுழற்சி இல்லை.

அவர் செய்த இன்னொரு காரியம் நுட்பமானது. தன் கோதுமை வயல்களை ரயில் பாதையை ஒட்டியே பரப்பினார். கிழக்கிலிருந்து நிலம் பார்க்க வந்தவர்கள், வண்டிச் சன்னல் வழியே மைல் கணக்கில் பொன்னிறக் கதிர்களைக் கண்டார்கள். அவர் நிலம் விற்பவர் என்பதை மறந்துவிடக் கூடாது. அவருடைய வயல் பயிராகவும் இருந்தது, விளம்பரப் பலகையாகவும் இருந்தது. அந்தப் பகுதிக்குப் 'பொன் பட்டை' என்ற பொருள் தரும் கோல்டன் பெல்ட் என்ற பெயரும் அக்காலத்தில் பரவியது.

1874இல் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் வானத்தை மறைத்துக்கொண்டு வந்து இறங்கின. மக்காச்சோளமும் காய்கறியும் போயின. தண்டவாளத்தில் நசுங்கிய பூச்சிகளின் பிசுபிசுப்பால் எஞ்சின் சக்கரங்கள் வழுக்கின. அந்த ஆண்டு ஓரளவு தப்பியது, வெட்டுக்கிளி வருமுன்பே அறுவடையான குளிர்காலக் கோதுமை. வேறு எந்த விளம்பரமும் தந்திராத பாடத்தை அந்தப் பூச்சிகள் தந்தன.

கன்சாஸ் கோதுமையை ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த மென்னோனைட் என்ற கிறித்தவப் பிரிவினர்தான் கொண்டுவந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1874இல் அவர்கள் கொண்டுவந்த டர்க்கி ரெட் என்ற கடினவகைக் கோதுமையே பின்னர் மாநிலத்தை வென்றது என்பது சரி. ஆனால் அபிலீனில் அதற்கு முன்பே மென்வகைக் குளிர்காலக் கோதுமை விளைந்துகொண்டிருந்தது. கடினக் கோதுமை பரவுவதற்கு, பழைய அரைகல்லுக்குப் பதிலாக எஃகு உருளைகள் கொண்ட மாவு ஆலைகள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விளைந்த தானியம் எப்படிச் சந்தைக்குப் போனது?

உழவர் குதிரை வண்டியில் ரயிலடிக்குக் கொண்டுவருவார். அங்கே தண்டவாளத்தை ஒட்டி எலிவேட்டர் எனப்படும் உயரமான தானியக் கோபுரம் நிற்கும். வண்டியிலிருந்து கொட்டப்படும் தானியம் வாளிகள் கோத்த பட்டையால் உச்சிக்கு ஏற்றப்பட்டு, பிரித்துச் சேமிக்கப்பட்டு, வேகன் வந்ததும் தானாகச் சரிந்து இறங்கும். மூட்டை தூக்கும் வேலை இல்லை. வண்டியோடு போய் ஒரே நாளில் வீடு திரும்பக்கூடிய தூரத்துக்கு ஒன்றாக ரயிலடிகள் அமைந்ததால்தான் சமவெளி ஊர்கள் மணி கோத்தாற்போல் பாதையோரம் வரிசையாக இருக்கின்றன.

யார் வந்து குடியேறினார்கள்?

போர் முடிந்து திரும்பிய வடக்கத்தியப் படைவீரர்கள், ஜெர்மானியர், சுவீடர் எனப் பலர். ஊரின் குணத்தை மாற்றியவர்கள் என்று ஒரு குழுவைச் சொல்ல வேண்டுமானால், 1870களின் இறுதியில் பென்சில்வேனியாவிலிருந்து கூட்டமாக வந்த ரிவர் பிரதரன் என்ற கிறித்தவப் பிரிவினரைச் சொல்லலாம். எளிய உடை, போர் மறுப்பு, கடன் வாங்க அஞ்சும் பழக்கம், நல்ல உழவறிவு ஆகியவை அவர்கள் அடையாளம். வீட்டுப் பொருள்களையும் உழவுக் கருவிகளையும் அவர்கள் சரக்கு வேகன்களில் ஏற்றிக்கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜேக்கப் ஐசனோவர். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான டுவைட் ஐசனோவரின் தாத்தா.

தண்டவாளத்தின் இரு பக்கமும் ஒரே ஊராக இருந்ததா?

இல்லை. வடக்கே மாளிகைகள், வங்கிக்காரர்கள், வணிகர்கள். தெற்கே ரயில் தொழிலாளிகள், கூலிவேலை செய்தோர். ஐசனோவர் குடும்பம் தெற்குப் பக்கத்துக் குடும்பம். தந்தை டேவிட் கடை வைத்து நொடித்து, டெக்சாஸின் டெனிசனில் ரயில் பணிமனையில் வேலைக்குப் போனார். 1890இல் டுவைட் பிறந்தது அங்கேதான். பின்னர் குடும்பம் அபிலீன் திரும்பியது. ரிவர் பிரதரன் மக்கள் தொடங்கிய பெல் ஸ்பிரிங்ஸ் வெண்ணெய் ஆலையில் தந்தைக்கு இயந்திரப் பணி கிடைத்தது. படிப்பை முடித்த டுவைட்டும் இராணுவக் கல்லூரிக்குப் போகும்முன் அதே ஆலையில் பனிக்கட்டி இழுத்தும் இரவுப் பணி பார்த்தும் உழைத்தார். போர் எதிர்ப்பைச் சமயக் கடமையாகக் கொண்ட குடும்பத்திலிருந்து ஒரு படைத்தலைவர் வந்ததை ஊரார் இன்றும் வியந்து சொல்வார்கள்.

உழவைத் தவிர வேறு தொழில்கள் வளர்ந்தனவா?

வளர்ந்தன, சிற்றூருக்கு மிஞ்சிய அளவில். 1887இல் ராக் ஐலண்ட் பாதையும் வந்துசேர்ந்ததும், கன்சாஸ் பசிபிக்கைத் தன்னோடு இணைத்துக்கொண்ட யூனியன் பசிபிக், சாண்டா ஃபே ஆகியவற்றோடு மூன்று நிறுவனங்களின் ரயில்கள் ஊரைத் தொட்டன. எங்கிருந்தும் எங்கும் அனுப்பலாம் என்ற வசதியே தொழில்களை ஈர்த்தது. சார்லஸ் பார்க்கர் குடைராட்டினங்கள் செய்து நாடெங்கும் அனுப்பினார். 1911இல் தொழிலை லெவன்வொர்த்துக்கு மாற்றிக்கொண்டார். டாக்டர் சீலி பேட்டன்ட் மருந்து எனப்பட்ட ஆயத்த மருந்துகளை விற்றுச் சேர்த்த பணத்தில் 1905இல் கட்டிய மாளிகை இன்னும் நிற்கிறது. கிளேசன் பிரவுன் 1899இல் தொடங்கிய உள்ளூர்த் தொலைபேசி நிறுவனத்தின் வழித்தோன்றல்தான் பிற்காலத்து ஸ்பிரிண்ட். 1901இல் டக்வால் தொடங்கிய பலசரக்குக் கடை அல்கோ என்ற சங்கிலிக் கடைகளாகப் பெருகி, 2014இல் திவாலானது.

ரயில் வராத ஊர்களுக்கு என்ன நேர்ந்தது?

அதே மாநிலத்தில் நிக்கோடெமஸ் ஓர் எடுத்துக்காட்டு. கென்டக்கியிலிருந்து வந்த விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 1877இல் நிறுவிய உழவர் ஊர் அது. புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டிய வீடுகளில் தொடங்கி, கடைகளும் செய்தித்தாள்களும் வைத்திருக்கும் அளவுக்கு வளர்ந்தார்கள். 1888இல் ரயில் பாதை சில மைல்கள் தள்ளித் தெற்கே போனது. கடைகள் கட்டடத்தோடு பெயர்ந்து பாதையோரத்துக்குப் போயின. 2020 கணக்கெடுப்பில் அங்கே 14 பேர். அந்த மக்களின் உழைப்பிலோ நிலத்திலோ குறை இருந்ததாகச் சொல்ல முடியாது.

அபிலீன் ஏன் பெருநகராகவில்லை?

1880இல் 2,360, 1890இல் 3,547, 1930இல் 5,658, 1960இல் 6,746, 2010இல் 6,844. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் இது மெதுவான ஏற்றம், பின்பு தேக்கம். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் அதே நிலத்தை உழச் சிலரே போதும். விளைச்சல் கூடும்போதே உழவர் தொகை குறைந்தது. பெரிய பணிமனையோ பல்கலைக்கழகமோ அங்கே அமையவில்லை. அண்டை மாவட்டங்கள் பல பாதியாகச் சுருங்கியபோது இந்த ஊர் தன் அளவைக் காத்துக்கொண்டதே பெரிது.

இப்போது பயணிகள் ரயில் அங்கே நிற்கிறதா?

நிற்பதில்லை. 1956இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர், தெற்குப் பக்கத்தில் தண்டவாளத்துக்கு அருகே வளர்ந்த அதே டுவைட் ஐசனோவர். அதன் விளைவான ஐ-70 சாலை ஊரின் வடக்கு ஓரமாகச் செல்கிறது. விடுதிகளும் உணவகங்களும் அங்கே நகர்ந்தன. 1971இல் அரசுசார் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் தொடங்கியபோது அதன் தடங்களில் அபிலீன் இடம்பெறவில்லை. 1928இல் கட்டிய யூனியன் பசிபிக் நிலையம் இன்று சுற்றுலா வருவோருக்கான தகவல் மையம். ராக் ஐலண்ட் நிறுவனம் 1980இல் கலைந்தது. அது விட்டுச்சென்ற பாதையில் தன்னார்வலர்கள் எண்டர்பிரைஸ் என்ற அடுத்த ஊர்வரை சுற்றுலா வண்டி ஓட்டுகிறார்கள். சில நாள்களில் அதை இழுப்பது 1919இல் செய்யப்பட்ட 3415ஆம் எண் நீராவி எஞ்சின். யூனியன் பசிபிக் பாதையில் சரக்கு வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. தானியக் கோபுரங்களும் நிற்கின்றன.

ஐசனோவர் 1969 மார்ச் 28 அன்று வாஷிங்டனில் இறந்தார். அவருடைய உடல் விமானத்திலோ, அவரே போடவைத்த நெடுஞ்சாலையிலோ வரவில்லை. ரயிலில் வந்து ஏப்ரல் 2 அன்று அபிலீனில் இறங்கியது. அவர் வளர்ந்த வீடு இருக்கும் வளாகத்திலேயே அன்றே அடக்கம் செய்யப்பட்டது.